போக மட்டும் ஒரு பாலம்

பெறுநர்: தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊர் ஓடைக்கும் பாதைக்கும் சுடுகாட்டுக்கும் பொறுப்பான மூன்று துறைகளின் அதிகாரிகள்.

பொருள்: ஓடையைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போக ஒரு பாலம் கேட்டு, 2024 அக்டோபர் 2 கிராம சபையில் என் அப்பா கொடுத்த மனு. மனுதாரர் நேரில் ஆஜராக முடியாதது குறித்து.

ஐயா, அம்மா, வணக்கம்.

போன மாதம் தபால்காரர் எங்கள் வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை கொண்டுவந்தார். அப்பா பெயருக்கு வந்தது. உள்ளே உங்கள் கடிதம். மேற்படி மனு பரிசீலனையில் உள்ளது என்றும், மனுதாரர் உரிய ஆவணங்களுடன் அலுவலக நேரத்தில் நேரில் ஆஜராக வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்குத் தலைத்திவசம் கொடுத்து அன்றைக்குப் பத்தாம் நாள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தாளு இருந்திருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பாரு?" என்றாள். என்ன சொல்லியிருப்பார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். "வரச் சொன்னா வர்றேன். வர்றதுக்கு வழி போட்டாச்சான்னு கேளு."

ஓடை எங்கே இருக்கிறது, சுடுகாடு எந்தக் கரையில் இருக்கிறது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோப்பில் வரைபடம் இருக்கிறது. அதை ஜெராக்ஸ் போட்டவனே நான்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு வருகிற மனுக்களில் பாதி என் கடையில் அடித்ததாகத்தான் இருக்கும். மனு எப்படி எழுதினால் எந்த மேஜை வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த முறை மனுவாக எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அப்பா கூத்துக்காரர். ஏறக்குறைய நாற்பது வருஷம் கட்டியக்காரன் வேஷம் கட்டினார். தர்மராஜா வேஷத்துக்கும் துரியோதனன் வேஷத்துக்கும் ஆள் மாறுவார்கள், கட்டியக்காரனுக்கு மட்டும் எங்கள் சுற்றுவட்டத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போதே முன்னால் வந்து அவர் மானத்தை வாங்குகிற வேலை. சபையில் மற்றவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுகிற விஷயத்தைக் கட்டியக்காரன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போவான். எந்த ராஜாவும் அவன்மேல் கோபித்துக்கொண்டதாகக் கதை இல்லை. ஒன்று கவனியுங்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போன ராஜாவும் இல்லை.

2024 ஆவணியில் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசம் குடுத்திருக்காங்க? தவணையா, ஒரே கட்டா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரிடம் மறைக்க எதுவும் இல்லாமல் போயிற்று.

பார்க்க வந்தவர்களுக்குத்தான் திண்டாட்டம். சாவு வீட்டு முகத்தோடு வருவார்கள், சிரித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். பங்காளி வீட்டு மருமகள் ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். "இதக் குடிச்சா உயரமா வளருவாங்களாமே? வேணாம்மா. இனிமே வளந்தா குழிய நீட்டி வெட்டணும், வெட்றவன் கூலி ஏத்திக் கேப்பான்" என்றார். அந்தப் பெண் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். தகடூர் அதியமான் மேல் அப்பாவுக்கு ஒரு தீராத மனத்தாங்கல் இருந்தது. "நம்ம ஊரு ராஜா, ஆயுசு நீட்டுற நெல்லிக்காயப் பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுக்காம ஔவையாருக்குக் குடுத்துட்டாரு. எனக்குக் குடுத்திருந்தா பாலம் வர்ற வரைக்கும் இருந்து பாத்திருப்பேன்" என்பார். அப்புறம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, "ஒரு நெல்லிக்காய் பத்தாது" என்பார்.

அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். மழைக்காலத்தில் செத்துவிடக் கூடாது. "எப்பிடி இருக்கீங்க மாமா?" என்று கேட்டால், "இருக்கேன் மாப்ள. ஓடையில தண்ணி வத்தட்டும்னு இருக்கேன். தை வரைக்கும் தள்ளிப்போடலாம்னு பாக்குறேன்" என்று பதில் வரும்.

அந்த நிலையில்தான் காந்தி ஜெயந்தி அன்று கிராம சபைக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிவந்தோம். உங்களில் இரண்டு பேர் அன்றைக்கு மேடையில் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். மைக்கைக் கையில் கொடுத்தபோது அவர் பேசியது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது:

"ஐயா, நான் பெரிய பாலம் கேக்கல. நான் அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவதான் போவப் போறேன். திரும்பி வர்ற வேல எனக்கு இல்ல. அதனால போறதுக்கு மட்டும் பாதிப் பாலம் போட்டுக் குடுங்க, போதும். தூக்கிட்டு வர்ற நாலு பேரு திரும்பி வரணும்னா அது அவங்க பாடு. அவங்க தனியா மனு குடுக்கட்டும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நீங்களும்தான். ஒரு சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா நல்லா பேசறாரு" என்றீர்கள். அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தீர்கள். அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. மனுவை வாங்கிக்கொண்டீர்கள், தீர்மான நோட்டிலும் ஏறியது. ஆனால் அவர் தமாஷ் பண்ணினார் என்று மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நாற்பது வருஷம் கட்டியக்காரனாக நின்ற மனுஷன், சாகப் போகிறேன் என்று தெரிந்து, நாற்காலியில் வந்து, உங்கள் முகத்துக்கு நேராக ஒரு பாலம் கேட்டார். அவருக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

தை வரைக்கும் தள்ள முடியவில்லை. ஃபெங்கல் புயலில் செத்துப்போனார்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை, அரூரில் 33 சென்டிமீட்டர். நீங்களே கணக்கெடுத்து அனுப்பியிருப்பீர்கள். ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வந்த தண்ணீரில் நின்றிருந்த வண்டிகள் அடித்துப் போனதை நாடே பார்த்தது. அந்த ராத்திரி எங்கள் வீட்டுத் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணைத் திறந்து, "மேளக்கட்டு ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். கூத்தில் கட்டியக்காரன் உள்ளே வருவதற்கு முன்னால் வாசிப்பது. விளையாட்டுக்குக் கேட்டாரா, நினைவு தப்பிக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றது.

திங்கட்கிழமை முழுக்க ஓடை ஆள் உயரத்துக்குப் போனது. (திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். அப்பா நாள் பார்த்துத்தான் போயிருக்கிறார்.) கரண்ட் இல்லை. ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. வந்திருந்தாலும் கரண்ட் இல்லாமல் அது வெறும் கண்ணாடிப் பெட்டிதான். வேப்பந்தழை பரப்பி, அதன்மேல் பாய் போட்டுப் படுக்கவைத்தோம். திங்கட்கிழமை சாயந்திரம் ஊதுபத்தியைக் கத்தை கத்தையாகக் கொளுத்த ஆரம்பித்தாள் என் அக்கா. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஊதுபத்தியும் பத்தவில்லை. அம்மா மட்டும் தலைமாட்டை விட்டு நகராமல், மூக்கை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கத்துக் கரையிலேயே எங்காவது புதைத்தால் என்ன என்று கேட்பீர்கள். இந்தக் கரையில் இருப்பதெல்லாம் பட்டா நிலம். யார் தன் கொல்லையில் குழி வெட்டக் கொடுப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை மழை விட்டது. ஓடை விடவில்லை.

பேரன் பேத்தி எடுத்த ஆளுக்குக் கல்யாணச் சாவு. பூப்பல்லக்கு கட்டி, வெடி போட்டு, ஆட்டத்தோடு அனுப்பியிருக்க வேண்டும். பல்லக்கு ஓடையில் நிற்காது என்று வெறும் பச்சை மூங்கிலில் ஓலை பின்னிப் பாடை கட்டினோம். பஞ்சர் கடையிலிருந்து இரண்டு லாரி ட்யூப் வாங்கிவந்து பாடைக்கு அடியில் கட்டினோம். இக்கரைப் புங்கமரத்துக்கும் அக்கரைப் பனைமரத்துக்கும் நடுவில் கயிறு. குழி வெட்டப் போனவர்கள் விடியற்காலையில் நீந்திப் போய் அந்தக் கயிற்றைக் கட்டினார்கள்.

பறை அடிப்பவர்கள் தண்ணீர் ஓரத்தோடு நின்றுவிட்டார்கள். நனைந்தால் தோல் பேசாது. நெருப்பு மூட்டிக் காய்ச்சிக்கொண்டு அங்கேயே நின்று அடித்தார்கள். நாங்கள் போகப் போக அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளையும் அங்கேயே நிறுத்திவிட்டோம்.

நடு ஓடையில் தண்ணீர் நெஞ்சு வரைக்கும் வந்தது. அடியில் கால் வைத்தால் மணல் வழுக்கிக்கொண்டு போகிறது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்பாவின் வலது கை கட்டிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. துழாவுகிற மாதிரி அது கொஞ்ச நேரம் தண்ணீரில் ஆடியது. நான் கயிற்றை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. கழுத்து மாலை அறுந்து, கீழே தென்பெண்ணை பக்கமாகப் போய்விட்டது. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

அப்போதுதான் முன்பக்கம் தூக்கிய என் மச்சான் பாடையைப் பார்த்துச் சொன்னான்: "மாமா, இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் எறங்கி நடங்க. அக்கரைக்குப் போனதும் மறுபடி ஏத்திக்கறோம்."

ஒரு நிமிஷம் யாருக்கும் மூச்சு வரவில்லை. அப்புறம் பின்னால் நின்ற பெரியப்பா மகன் சிரித்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். நெஞ்சளவுத் தண்ணீரில், அழுகிக்கொண்டிருந்த என் அப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஆறு பேர் சிரித்தோம். பாடை குலுங்கியது. இக்கரையில் நின்றவர்கள் அழுகிறோம் என்று நினைத்துக் கத்தினார்களாம். அப்பா கூத்தில் சொன்ன எத்தனையோ பேச்சுகள் எனக்கு மனப்பாடம். அவர் முன்னாலேயே அவரை ஒருத்தன் ஜெயித்தது அன்றைக்குத்தான்.

அக்கரையில் இன்னொன்று. குழியில் ஊற்று எடுத்துவிட்டது. பக்கெட்டால் இறைத்து இறைத்துப் போட்டார்கள். இறைத்தவர் நிமிர்ந்து, "உங்கப்பனுக்கு யோகம்டா. ஆயிரத்தி இருநூறு அடி போர் போட்டாலும் பொகதான் வருது நம்ம ஊருல. இவருக்கு ஆறடியில தண்ணி" என்றார். பல்லில் ஃபுளோரைடு கறையோடு வாழ்ந்து, ஒகேனக்கல் குடிநீர் எப்போது வரும் என்று குழாயைப் பார்த்துக்கொண்டே கிடந்த ஜனத்துக்கு, தண்ணீர் இப்படி வேண்டாத இடத்தில்தான் வருகிறது. ஈரக் குழியில் இறக்கினோம். மேலே மண் போட்டால் சேறு தெறித்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு முடியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அவர் ஜமாவே வந்து கர்ண மோட்சம் ஆடியது. எத்தனையோ பேர் வீட்டுக் கருமாதியில் அவர் ஆடியதுதான். அம்பு பாய்ந்து கர்ணன் கிடக்கிறான். அப்பாவிடம் தொழில் கற்ற பையன்தான் அன்றைக்குக் கட்டியக்காரன். கிருஷ்ணரிடம் போய், "சாமி, இவரு உசுரு போயிட்டா எந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போறது? ஓடையில தண்ணி போவுதே" என்றான். கிருஷ்ணர் வேஷக்காரர் யோசிக்கவே இல்லை. "மனு குடுப்பா" என்றார். அம்மாதான் முதலில் சிரித்தாள்.

ஆக, உங்கள் கோப்பு இன்றைக்குக் கூத்தில் ஏறிவிட்டது.

இப்போது உங்கள் தரப்பு நியாயத்துக்கு வருகிறேன். ஓடை நீர்வளத் துறையுடையது, பாதை வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு, சுடுகாடு ஊராட்சியுடையது. ஒரு துறையிடம் போனால் மற்ற இரண்டின் ஒப்புதல் வேண்டும் என்கிறார்கள். "செத்தவன் ஒருத்தன், பங்காளி மூணு பேரா?" என்று அப்பா கேட்டதுண்டு. ஆனால் 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 110-ஆம் பிரிவில் ஊராட்சியின் கடமைகளை எழுதும்போது, ஊர்ப் பாதைகளையும் அவற்றின் மேலுள்ள பாலங்களையும் சொல்லி, கொஞ்சம் தள்ளி சுடுகாடு இடுகாடுகளையும் சொல்கிறது. கடையில் சும்மா இருக்கிற நேரத்தில் படித்தேன். ஊராட்சியைக் கேட்கலாம் என்றால், அப்பா போன அடுத்த மாதமே, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு, தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர். அவரைக் கேட்டால் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மாவட்டத்தில் சாவதற்கு நல்ல வசதி செய்து வைத்திருக்கிறீர்கள். தொப்பூர் கணவாய்க்குப் போனால் போதும், நாலுவழிச் சாலை, இறக்கம், பின்னால் பிரேக் பிடிக்காத லாரி. அதற்கு எத்தனை ஆய்வு, எத்தனை பார்வை, எத்தனை எச்சரிக்கைப் பலகை! செத்த பிறகு கடைசி இருநூறு அடி போவதற்குத்தான் சாலையும் இல்லை, பலகையும் இல்லை. குறைந்தபட்சம் ஓடைக் கரையில் "மெதுவாகச் செல்லவும், முன்னால் பிணம்" என்றாவது ஒரு பலகை வைக்கலாம்.

மன்னிக்கவும். கோபத்தில் கை போய்விட்டது. சாலையை எங்கே போடுவது என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? நான் கேட்க வந்தது ஒரு சிறுபாலம். நாலைந்து சிமெண்ட் குழாய் பதித்து, மேலே கான்கிரீட் போட்டு, பாடையும் அதன் இரண்டு பக்கம் ஆளும் போகிற அகலம். அவ்வளவுதான்.

இது எங்கள் ஒரு வீட்டுக் குறை என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் சுடுகாடு இரண்டு. ஏன் இரண்டு என்று உங்களுக்குத் தெரியும், எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டும் அக்கரையில்தான். காலனிக்காரர்களுக்கு இன்னும் கீழே, ஓடை அகலமாகிற இடத்தில். அப்பாவுக்குப் பறை அடித்தவர்களில் ஒருவருடைய அம்மா 2025 மழையில் போனார். அவர்களும் எங்களிடம்தான் லாரி ட்யூப் வாங்கிப் போனார்கள். ட்யூப் இன்னும் என் கடைப் பரண்மேல்தான் இருக்கிறது. காற்று மட்டும் அப்பப்போ பார்த்துவைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் நேரில் வந்தேன். மேஜையில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "மனுதாரர் வரலையா?" என்றார். இறந்துவிட்டார் என்றேன். "அப்ப வாரிசுச் சான்று கொண்டாங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மேலே இருப்பவர் கேட்பார், அவருக்கு மேலே இருப்பவர் அவரைக் கேட்பார். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. முக்கால் ஏக்கர் மேட்டு நிலம், ஒரு தகர வீடு, கூத்துக் கிரீடம் ஒன்று, இப்போது ஒரு மனு. இவ்வளவும் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து. முதல் மூன்றுக்கும் பங்காளிகள் பங்கு கேட்டார்கள். மனுவுக்கு இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

நல்லவேளை, பட்டா மாற்றுவதற்காக வாரிசுச் சான்று முன்பே வாங்கி வைத்திருந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். அதனால் மனுதாரர் ஆஜராகவில்லை என்ற காரணத்தை இனி எழுத முடியாது.

அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது. அவள் கூத்தாடியதில்லை, மைக்கில் பேசத் தெரியாது. கிராம சபைக்கு வந்து உங்களைச் சிரிக்கவைக்கவும் மாட்டாள். அவளைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போக என்னால் முடியாது. தயவுசெய்து அடுத்த மழைக்கு முன்னால் மூன்று துறையும் ஒரே நாளில் வந்து இடத்தைப் பாருங்கள். தேதி மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதும், கடையைச் சாத்திவிட்டு நானே வந்து காட்டுகிறேன். பாலம் போட்டுக் கொடுங்கள். அப்பா பாதிதான் கேட்டார். நாங்கள் திரும்பி வர வேண்டியவர்கள், அதனால் முழுதாகக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரரின் மகன்

இணைப்பு: வாரிசுச் சான்று நகல் 1 (ஜெராக்ஸ் என் கடையில் எடுத்தது, கட்டணம் இல்லை).